மூன்று வயது இரட்டையரோடு குளுக்கோஸ் டெஸ்ட்: ஒரு கர்ப்பகால கிளினிக்கைப் பற்றி

டாக்டர்களைப் பற்றி எழுத வரவில்லை. அவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல், அவர்களையும் இழுத்துக்கொண்டு வருகிற ஒரு தாய்க்கு இந்த கிளினிக் எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். எனக்கு மூன்று வயதில் இரட்டையர், ஒரு பையன், ஒரு பெண். வயிற்றில் 26 வாரம். கணவருக்கு வெளியூரில் வேலை. கிளினிக்கின் பெயரைப் போடவில்லை, காரணம் படிக்கும்போதே புரியும்.

போனில் கேட்டபோது, "தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம், ப்ளே ஏரியா இருக்கு" என்றார்கள். இருக்கிறது, பொய் இல்லை. கண்ணாடிச் சுவர், வழுக்குமரம், சுவரில் யானைப் படம் எல்லாம் உண்டு. ஆனால் அது வரவேற்பு மேஜையைத் தாண்டி ஒரு மூலையில். ரத்தம் எடுக்கும் அறை நடைவழியின் அடுத்த கோடியில். ப்ளே ஏரியாவின் கதவில் 'பெற்றோர் உடனிருக்க வேண்டும்' என்று அறிவிப்பு வேறு. என் பெயரைக் கூப்பிட்டால் நான் போயாக வேண்டும், நான் போனால் பிள்ளைகள் அங்கே இருக்கக் கூடாது. அப்படியானால் அந்த அறை யாருக்கு? கூடவே துணைக்கு ஒருவரைக் கூட்டி வருகிறவர்களுக்கு. அவர்களுக்குத்தான் அது அவ்வளவாகத் தேவைப்படாதே.

இன்னொன்று, அங்கே பஞ்சு பொம்மைகள். பார்க்க அழகு, துடைக்க முடியாது. என் மகள் உள்ளே போனதும் செய்த முதல் காரியம் ஒரு முயலின் காதை வாயில் வைத்தது. சின்னப் பிள்ளைகளின் எச்சிலில் சைட்டோமெகலோ வைரஸ் இருக்கலாம், பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்யாமலே போகும், ஆனால் கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகலாம் என்று இதே கிளினிக் டாக்டர்தான் முதல் சந்திப்பில் சொன்னார். பிள்ளைகளின் எச்சில் பட்டால் கை கழுவுங்கள், அவர்கள் ஸ்பூனில் சாப்பிடாதீர்கள் என்றும் சொன்னார். அவர் ஒரு தடவை அந்த அறையை எட்டிப் பார்த்திருக்கலாம். பிளாஸ்டிக் கட்டைகள் போதும், துடைத்து வைத்துவிடலாம்.

சரி, டெஸ்டுக்கு வருகிறேன், கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், குடிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. இடையில் எதுவும் சாப்பிடக் கூடாது. எழுந்து நடமாடவும் கூடாது, நடந்தால் உடம்பு சர்க்கரையைச் செலவழித்து அளவு மாறிவிடும். மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். இந்த டெஸ்டை வகுத்தவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது.

கப்பைக் கையில் வாங்கியதுமே பையன் ஆரம்பித்தான், "எனக்கு ஜூஸ்." ஒரு வாய் கொடுத்தால் அளவு கெட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்குள் முழுவதையும் குடித்தாக வேண்டும், வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து. நான் தித்திப்போடு போராடிக்கொண்டிருக்கிறேன், அவன் என் முழங்கையைப் பிடித்துத் தொங்குகிறான். லேப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே மாதிரி இரண்டு பேப்பர் கப் எடுத்தார், தண்ணீர் ஊற்றினார், ஒவ்வொன்றிலும் பேனாவால் அவர்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார், "உங்க டெஸ்ட்" என்று நீட்டினார். இரண்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து மாதிரி முகத்தைச் சுளித்துக் குடித்தன. இந்த ஒரு காரியத்துக்கே அந்தப் பெண்ணுக்கு ஐந்து நட்சத்திரம்.

அவர் செய்த இன்னும் இரண்டு விஷயங்கள். அடுத்து எத்தனை மணிக்கு ஊசி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், அந்த நேரத்துக்கு நான் இருந்த இடத்துக்கே வந்து கூப்பிட்டார். மகளை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டியபோது, "மடியில வேண்டாம் மேடம், கை ஆடிடும்" என்று அவளை எதிரில் நிற்க வைத்து, பஞ்சுப் பொட்டலத்தைப் பிடிக்கச் சொன்னார். எடுத்த இடத்தை மடக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அந்தக் கையால் கொஞ்ச நேரம் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் தூக்கியிருப்பேன், அங்கே நீலம் பாரித்திருக்கும்.

பிபி பார்த்த சிஸ்டர் இதற்கு நேர் எதிர். ஒரு பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்க, இன்னொன்று கத்த, நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, பட்டையைக் கட்டிக் காற்றடித்துவிட்டு "கூட இருக்கே" என்றார். முதுகு சாய்த்து, கால் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டிய அளவு அது. நான் கேட்ட பிறகுதான் திரும்ப எடுத்தார், சரியாக இருந்தது. கேட்கத் தெரியாதவர்களுக்கு என்ன எழுதி வைப்பார்களோ.

ஸ்கேன்தான் பெரிய எரிச்சல். வாசல் வரை போன பிறகு, "பிள்ளைங்க உள்ள வரக் கூடாது." எக்ஸ்ரே என்றால் கதிர்வீச்சு, புரிகிறது. அல்ட்ராசவுண்டில் அது கிடையாது. பார்க்கிறவருக்குக் கவனம் சிதறும் என்பது காரணம், அதுவும் நியாயம்தான். அதைப் போனிலேயே சொன்னால் என்ன? 'தாராளமா' என்று சொன்னவருக்கு ஸ்கேன் அறையின் விதி தெரியவில்லை. ஸ்கேனை வேறு நாளுக்குத் தள்ளிவிட்டு வந்தேன்.

சாப்பாடு விஷயத்திலும் ஒன்று செய்யலாம். காத்திருக்கும் கூடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது விதி. பட்டினியோடு உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிகள் நடுவில் அது சரியான விதி. ஆனால் பிள்ளைகளுக்குப் பசிக்குமே, நானோ எழுந்து வெளியே போகக் கூடாது. என் நாற்காலியிலிருந்து பார்க்க முடிகிற தூரத்தில் ஒரு சின்ன மேஜை போட்டால் போதும்.

டாக்டர் அறையில் நல்லபடி. முக்கியமானதை முதலில் சொன்னார், பிள்ளைகள் பொறுமை இழப்பதற்குள். ரிசல்ட்டில் வெறும் வயிற்றில் 88, ஒரு மணி நேரத்தில் 186, இரண்டு மணி நேரத்தில் 141. இங்கே பின்பற்றும் வரம்பு 92, 180, 153. மூன்றில் ஒன்று தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு நடுவில் உள்ளது தாண்டிவிட்டது. சாப்பாட்டுப் பட்டியலைக் கையில் எழுதிக் கொடுத்தார். நான் ஒரு காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

லேபுக்கு ஐந்து, டாக்டருக்கு ஐந்து, ப்ளே ஏரியாவுக்கு ஒன்று, போன் எடுப்பவருக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளோடு போவதாக இருந்தால் போனில் 'கூட்டி வரலாமா' என்று கேட்காதீர்கள், 'எந்தெந்த அறைக்குள் விடுவீர்கள்' என்று கேளுங்கள். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் இதே டெஸ்டைத் திரும்ப எடுக்க வேண்டுமாம். இங்கேதான் வருவேன், அந்த லேப் பெண் எந்த நாட்களில் வருவார் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அப்போது கப் நீட்டச் சொல்லி அடம்பிடிக்க இரண்டு பேர், கையில் ஒன்று.