ஆடி மேகத்துக்கு நடுவே நோவா: ஸ்டார் அனலைசர் 100 பயன்பாட்டு அனுபவம்

மேகம் மூடியே கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு நோவா (திடீரென வெடித்துப் பலமடங்கு பிரகாசமாகும் நட்சத்திரம்) பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பெரிய தொலைநோக்கியை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் ஸ்டார் அனலைசர் 100 கிரேட்டிங்கை, அதாவது நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்து நிறமாலையாகக் காட்டும் கருவியை, வாங்குங்கள். 2021 முதல் கோவைப் பக்கம் என் வீட்டு மொட்டை மாடியில் இதைப் பயன்படுத்தி வருகிறேன். தெளிவான வானத்தில் இது எப்படி வேலை செய்யும் என்று எழுதியவர்கள் நிறைய. மோசமான வானத்தில் எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

பார்ப்பதற்கு 1.25 அங்குல ஃபில்டர்தான். மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கிரேட்டிங், கண்ணாடிப் பாதுகாப்போடு ஒரு வளையத்துக்குள் இருக்கிறது. தயாரிப்பது இங்கிலாந்தின் பேட்டன் ஹாக்ஸ்லி நிறுவனம். கேமராவின் மூக்கில் திருகி மாட்டினால் போதும். படத்தில் நட்சத்திரம் ஒரு புள்ளியாகவும், சற்றுத் தள்ளி அதன் நிறமாலை ஒரு பட்டையாகவும் விழும். அசையும் பாகம் எதுவும் இல்லை. என்னுடையது 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), 3.75 மைக்ரான் பிக்சல் கொண்ட கருப்பு வெள்ளைக் கேமரா. கிரேட்டிங்குக்கும் சென்சாருக்கும் இடையே 50 மி.மீ. இருந்தால் ஒரு பிக்சலுக்கு 0.75 நானோமீட்டர் வரும். புற ஊதாவின் விளிம்பிலிருந்து அருகு அகச்சிவப்பு வரை ஒரே படத்தில் அடங்கிவிடும்.

இனி வானிலை. நோவாக்கள் அதிகம் தோன்றுவது பால்வெளியின் மையத்தை ஒட்டிய பகுதியில்: தனுசு, விருச்சிகம், ஓஃபியூக்கஸ். மாலை நேரத்தில் இவை வசதியாக மேலே நிற்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. சரியாக அதே மாதங்களில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் பக்கம் புகுந்து வருகிறது. மழை கேரளத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எங்களுக்கு மிச்சம் வருவது காற்றும், நிற்காமல் ஓடும் தாழ்ந்த மேகமும். வானம் முழுதாகத் திறப்பது அபூர்வம். நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட வானத்தில் ஒரு நோவாவின் பிரகாசத்தை அளக்க முயன்றிருந்தால் எரிச்சல் எனக்குப் புரியும். மெல்லிய மேகம் ஒன்று கடந்தால் நட்சத்திரம் அரை மேக்னிட்யூட் மங்கும் (இது பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்). ஒப்பீட்டு நட்சத்திரத்தின் முன்னால் அதே மேகம் அதே தடிமனில் இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. நிறமாலையில் கணக்கு வேறு. மேகத்தின் நீர்த்துளிகளும் பனித்துகள்களும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை. அதனால் சிவப்பையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைக்கின்றன. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடான எச்-ஆல்ஃபா எவ்வளவு மங்குகிறதோ, அதன் அடியில் உள்ள தொடர் ஒளியும் அவ்வளவே மங்கும். நாம் அளப்பது இவை இரண்டுக்கும் உள்ள விகிதம். அது அப்படியே நிற்கிறது. சிக்னல் குறைந்து கொஞ்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான். தூசி மூட்டம் மட்டும் விதிவிலக்கு. அது நீலத்தை அதிகம் தின்னும், நிறமாலையின் மொத்தச் சரிவை மாற்றிவிடும். ஆனால் தனித்தனிக் கோட்டின் வலிமைக்குப் பெரிய சேதம் இல்லை.

இதை எனக்கு நிரூபித்துக் காட்டியது ஆர்.எஸ். ஓஃபியூக்கி என்ற, திரும்பத் திரும்ப வெடிக்கும் நோவா. 2006க்குப் பிறகு அது மறுபடி வெடித்திருப்பதை அயர்லாந்தின் கீத் கியரி 2021 ஆகஸ்ட் 8 இரவு கண்டார். நமக்கு அப்போது 9ஆம் தேதி அதிகாலை. முந்தைய நாள் ஆடி அமாவாசை, நிலாத் தொல்லை இல்லை. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. சாதாரணமாகப் பதினோராம் மேக்னிட்யூடை ஒட்டி இருக்கும் நட்சத்திரம் ஐந்துக்கும் பிரகாசமாக ஏறிவிட்டிருந்தது. அன்று மாலை அது தெற்கு வானில் உயரத்தில் இருந்தபோது மேகம் விட்ட இடைவெளிகளில் 20 விநாடிப் படங்களாக எடுத்தேன். பாதிக்கு மேல் குப்பை. மிச்சத்தை அடுக்கியதும், எந்த மென்பொருளும் இல்லாமலே பட்டையின் சிவப்பு முனையில் எச்-ஆல்ஃபா ஒரு மணியாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. ஹைட்ரஜனின் மற்றக் கோடுகளும் இருந்தன: 486 நானோமீட்டரில் எச்-பீட்டா, 434இல் எச்-காமா.

கோட்டின் அகலம்தான் சுவாரஸ்யம்: வெடித்த பொருள் எவ்வளவு வேகமோ, கோடு அவ்வளவு அகலம். விநாடிக்கு 3000 கி.மீ. வேகம் என்றால் எச்-ஆல்ஃபாவில் சுமார் 6.5 நானோமீட்டர் நகர்வு, என் கேமராவில் ஒன்பது பிக்சல். வெள்ளைக் குறுமீனிலிருந்து (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) வெடித்துக் கிளம்பிய பொருள், பக்கத்தில் இருக்கும் சிவப்பு அரக்கன் என்ற ஊதிப் பெருத்த நட்சத்திரம் வெளியே வீசும் வாயுவில் மோதி வேகம் இழப்பது இந்த அமைப்பின் தனிக்குணம். அந்த மோதலிலிருந்து வந்த மிக உயர் ஆற்றல் காமா கதிர்களை நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகளும் பதிவு செய்தன. நோவா ஒன்றில் அப்படிக் கண்டது அதுவே முதல் முறை. அவ்வளவு பெரிய நாடகத்தின் ஒரு ஓரம் என் மாடியிலும் தெரிந்தது. நாட்கள் போகப்போக எச்-ஆல்ஃபா ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கருவியின் பிரிதிறனுக்குள் (நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) அடங்கிவிட்டது. இடையில் விட்டுப்போன இரவுகள் ஏராளம். இருந்தாலும் போக்கு தெளிவாகத் தெரிந்தது.

எல்லா நோவாவும் இப்படிக் காத்திருக்காது. அதே 2021 ஜூன் 12இல் கண்டறியப்பட்ட வி1674 ஹெர்குலிஸ், ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்துக்குள் இரண்டு மேக்னிட்யூட் மங்கிவிட்டது. எனக்கு மேகம் திறந்தபோது அது கைவிட்டுப் போயிருந்தது. 2022 ஜூனில் யு ஸ்கார்ப்பி என்ற நோவாவும் அப்படியே. இதில் எனக்குக் கூடுதல் வருத்தம், ஏனென்றால் அந்த நட்சத்திரம் நம்ம ஊர்ச் சொத்து: 1863 மே மாதம் சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் கண்டுபிடித்தது. மே மாதம்! பருவமழைக்கு முன்பே வெடித்து அவருக்கு உதவியிருக்கிறது. 2025 ஜூனில் வந்த வி462 லூப்பி மாறாக நிதானமான பேர்வழி. ஐரோப்பாவின் வடக்கே இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது, நமக்கு நாற்பது டிகிரி உயரத்தை ஒட்டி வரும். மேகத்துக்கு இடையிலும் போதுமான அளவு எடுக்க முடிந்தது.

காற்று மேகத்தைவிடப் பெரிய எதிரி. ஸ்டார் அனலைசரில் நட்சத்திர ஒளியைக் குறுக்கி உள்ளே விடும் பிளவு கிடையாது. நட்சத்திரத்தின் பிம்பம் எவ்வளவு அகலமோ, நிறமாலைக் கோடும் குறைந்தபட்சம் அவ்வளவு அகலம். காற்றில் குழாய் பாய்மரம் மாதிரி ஆடினால் கோடுகள் மெழுகிக்கொண்டு போகும். இதற்கு என் தீர்வு இரண்டு. ஒன்று, மாடிச் சுவரின் மறைவில் தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் காலை முழுக்கத் தாழ்த்தி வைப்பது. இன்னொன்று, பிரகாசமான நோவா என்றால் தொலைநோக்கியையே விட்டுவிட்டு 135 மி.மீ. கேமரா லென்சின் முன்னால் கிரேட்டிங்கை மாட்டிவிடுவது. ஒளி நுழையும் துளை சிறுத்துப்போகும், ஐந்தாம் மேக்னிட்யூடுக்கு மேல் மங்கலானது வேண்டாம். ஆனால் ஆறு நிமிட இடைவெளியில் தூக்கிக்கொண்டு ஓடி எடுத்துவிடலாம். அளவீட்டுக்கு வேகா போன்ற நட்சத்திரத்தை எடுக்கும்போது டிராக்கிங்கை (நட்சத்திரத்தைத் தொடரும் மோட்டாரை) நிறுத்தி, நிறமாலை வடக்கு தெற்காக விழும்படி கிரேட்டிங்கைத் திருப்பிவிடுவேன். பூமி சுழலும்போது நட்சத்திரம் தானே பக்கவாட்டில் நகர்ந்து, பட்டையை அழகாக அகலமாக்கிக் கொடுக்கும்.

ஃபோகஸ் விஷயத்தில் ஒன்று: நட்சத்திரப் புள்ளியைக் கூர்மையாக்கினால் நிறமாலை கூர்மையாக இருக்காது. வேகாவின் எச்-பீட்டா பள்ளத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம் கேமராவையும் கிரேட்டிங்கையும் கழற்றவே கழற்றாதீர்கள். இடைத்தூரம் மாறாத வரை பழைய அலைநீள அளவீடு செல்லும். மேக இடைவெளியில் அந்த நேர மிச்சம் பெரிது. சந்தேகம் வந்தால் நம் காற்று மண்டல ஆக்சிஜன் 760 நானோமீட்டரில் போடும் பள்ளம் எந்த நட்சத்திரத்திலும் இருக்கும், அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

ஈரப்பதம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கிரேட்டிங் இத்தனை பருவமழைக்குப் பிறகும் சுத்தமாக இருக்கிறது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை ஜெல்லை வாணலியில் வறுத்து எடுப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு. மழை விட்ட இரவுகளில் மடிக்கணினி வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும் ஈசலுக்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

மென்பொருளுக்கு இலவசமான பாஸ் ப்ராஜெக்ட் எனக்குப் போதும். ஆர்ஸ்பெக் கற்க எளிது, காசு உண்டு. முடித்த நிறமாலைகளை மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் தரவுத்தளத்துக்கு அனுப்பலாம்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். பிரிதிறன் 100 முதல் 150 வரைதான். ஆர்.எஸ். ஓஃபியூக்கியில் 1933 வெடிப்பிலேயே பதிவான கொரோனாக் கோடுகளில் (மிகச் சூடான வாயுவின் கோடுகள்) 530.3 நானோமீட்டர் பச்சைக் கோட்டை, பக்கத்திலேயே 531.7இல் உள்ள சாதாரண இரும்புக் கோட்டிலிருந்து இதனால் பிரிக்கவே முடியாது. தனுசு ராசி நெரிசலில் அடுத்த நட்சத்திரத்தின் பட்டை நம் நோவாவின் மேல் ஏறி உட்காரும். கேமராவைச் சுழற்றி வழி கண்டுபிடிக்க வேண்டும். தெருவின் எல்இடி விளக்கு மேகத்தில் பட்டுத் திரும்பினால் பின்னணி முழுக்க வெளுத்துவிடும்.

மறுபடி வெடிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் டி கொரோனே போரியாலிஸ் நோவாவுக்காகவும் இதையேதான் தயாராக வைத்திருக்கிறேன். 1866இல் அது வெடித்தபோது வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலைமானியில் பிரகாசமான ஹைட்ரஜன் கோடுகளைக் கண்டார். அடுத்த வெடிப்பு 1946. 2024இல் வெடிக்கும் என்று பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது, அந்த ஆண்டு முழுக்க அசையவில்லை. அமைதி நிலையில் பத்தாம் மேக்னிட்யூட். என் 80 மி.மீ.க்கு அது கஷ்டம், 8 அங்குலம் இருப்பவர்கள் இப்போதே ஒப்பீட்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பிரிதிறன் சுமார் 600 கொண்ட ஆல்பி போன்ற பிளவுக் கருவிக்கு மாறலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாறலாம், தகவல் பலமடங்கு கிடைக்கும். ஆனால் நட்சத்திரத்தை மிகக் குறுகிய பிளவில் நிறுத்தி, அங்கேயே பிடித்துவைக்க வேண்டும். மேகம் வந்து தொலைநோக்கிக்கு வழிகாட்டும் கைடிங் நட்சத்திரம் மறைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான தெளிந்த இரவுகளுக்கு அதை வாங்குவேன், ஆடி மாதத்துக்கு இதையே வைத்துக்கொள்வேன்.