மூணு பவுண்டு சண்டை ரோபோ: கவசத்துக்கு டைட்டானியமா, கட்டிங் போர்டா?

சண்டை ரோபோ போட்டியில பீட்டில்வெயிட்ங்கிற எடைப் பிரிவுன்னா அமெரிக்கக் கணக்குல 3 பவுண்டு, அதாவது 1361 கிராம். பிரிட்டன்ல கொஞ்சம் தாராளமா 1.5 கிலோ வரைக்கும் விடுறாங்க. மோட்டார், பேட்டரி, வீல், சுத்துற ஆயுதம்னு எல்லாத்துக்கும் ஒதுக்கிட்டுப் பார்த்தா சுத்துச் சுவருக்குன்னு கையில நிக்கிறது ஒரு கால்வாசி, சுமார் 350 கிராம். அதனால டைட்டானியம் ஸ்ட்ராங்கா ப்ளாஸ்டிக் ஸ்ட்ராங்கான்னு ஒரே தடிமன்ல வச்சு ஒப்பிட்டா பிரயோஜனம் இல்ல, ஒரே எடைக்கு எவ்ளோ தடிமன் கிடைக்குதுன்னு பாக்கணும்.

20 செ.மீ. சதுர பாடி, 4 செ.மீ. உயரம்னு வச்சுக்கோங்க, நாலு பக்கமும் சேத்து 320 சதுர செ.மீ. வரும். 350 கிராமுக்குள்ள ஸ்டீல்னா 1.4 மி.மீ. தகடுதான் தேறும். டைட்டானியம் 2.5 மி.மீ., அலுமினியம் 4 மி.மீ., பாலிகார்பனேட்ங்கிற கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் 9 மி.மீ. யூஹெச்எம்டபிள்யூன்னு சொல்ற பாலிஎத்திலீன் ப்ளாஸ்டிக்ல பதினொன்றரை மி.மீ. கனத்துக்கு சுவரே எழுப்பிரலாம். தடிமன் ரெண்டு மடங்கானா வளையாம நிக்கிற பலம் எட்டு மடங்காகும், அதனால தொட்டா மெத்துனு இருக்குற ப்ளாஸ்டிக் இந்த எடையில ஸ்டீல் தகட்டை விட விறைப்பா நிக்கும். நம்ப கஷ்டமா இருந்தா கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

ஸ்டீலை இத்தோட விட்ரலாம். ஏஆர்500 மாதிரி கடினப்படுத்தின ஸ்டீல் சுத்துற ஆயுதத்துக்கு அருமை, ஆனா சுத்துச் சுவருக்கு இந்த எடையில கட்டுப்படியாகாது.

அலுமினியம்தான் புதுசா செய்றவங்க எல்லாரும் முதல்ல கை வைக்கிறது, ஈசியா கிடைக்குது, வீட்லயே ட்ரில் போடலாம், பாக்கவும் மெஷின் மாதிரி இருக்கும். பிரச்சனை என்னன்னா எதிராளி ஸ்பின்னரோட, அதாவது சுத்துற ஆயுதம் வச்ச ரோபோவோட, பல் அதுல வெல்லக்கட்டியில பதியற மாதிரி பதிஞ்சிடும். பல் வழுக்கிப் போனா அடியில பாதி வீணாகும், பதிஞ்சுதுன்னா மொத்த சக்தியும் உங்க ரோபோவுக்குள்ள இறங்கும், ரோபோ கூரை வரைக்கும் பறக்கும். அதுலயும் ஜன்னல் ஃப்ரேம் கடையில கிடைக்கிற ஆங்கிள் பொதுவா 6063 ரகம், ரொம்ப சாஃப்ட். 6061-டி6 பரவால்ல, 7075-டி6 அதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பலம். எந்த ரகமா இருந்தாலும் என் கணக்குல அலுமினியத்தோட இடம் உள்ள இருக்குற எலும்புக்கூடு, மோட்டார் மவுண்ட், சுவர்களை ஸ்க்ரூ போட்டு இணைக்கிற நட் ஸ்ட்ரிப் இதோட சரி, வெளிச்சுவர்ல வேணாம்.

இப்போ நிஜமான போட்டிக்கு வருவோம், டைட்டானியமும் பாலிஎத்திலீனும்.

ப்ளாஸ்டிக்கோட பெரிய பலம் அது அடியை சாப்பிட்டுரும். ஸ்பின்னர் அடிச்சா ஒரு துண்டு பிஞ்சு போகும், ஓரம் கிழியும், பாக்க கேவலமா இருக்கும், ஆனா உள்ள இருக்குற ரிசீவரும் பேட்டரியும் பொழச்சுக்கும். அடுத்த மேட்ச்சுக்கு முன்னாடி நாலு ஸ்க்ரூ கழட்டி புது சுவர் மாட்டிரலாம். ஜிக்-சா வச்சு வீட்லயே அறுக்கலாம், சமையல்ரூம் கட்டிங் போர்டு நிறைய ஹெச்டிபிஇ-ங்கிற பாலிஎத்திலீன் தான், பிரிட்டன்ல ஆன்ட்வெயிட்ங்கிற 150 கிராம் குட்டி ரோபோ செய்றவங்க சூப்பர்மார்க்கெட் கட்டிங் போர்டையே அறுத்து பாடி பண்றது பழைய வழக்கம். யூஹெச்எம்டபிள்யூ அதே குடும்பம், ஆனா இன்னும் கிழியாது. மைனஸ் என்னன்னா பசை எதுவும் ஒட்டாது, ஸ்க்ரூ தான் கதி, அதுவும் பக்கவாட்டு முனையில மெல்லிசா இழை போட்டா புடுங்கிட்டு வந்துரும். நீளமான பீஸ் வளையவும் செய்யும், ஆயுதத்தோட ஷாஃப்டை நேரா ப்ளாஸ்டிக்ல மாட்டியிருந்தீங்கன்னா ஒரு நல்ல அடியிலயே அலைன்மென்ட் போயி பெல்ட் கழண்டுக்கும்.

டைட்டானியம் வேற மாதிரி ஆளு. முன்னாடி நல்லா சாய்வா ஒரு வெட்ஜ், அதாவது ஆப்பு மாதிரி சரிவுத் தகடு, வச்சீங்கன்னா பல் பதிய இடமே கிடைக்காம மேல வழுக்கிட்டு போகும், வெள்ளை வெளேர்னு பொறி பறக்கும், கூட்டம் கத்தும். அது ஸ்டீலை விட அதிகமா வளைஞ்சு குடுத்து திரும்ப நேராகும். ஆனா நேர் நிமிர்ந்த சுவரா வச்சா இந்த லாபம் பாதி போச்சு, காசு மட்டும் முழுசா போச்சு. வாங்கும்போது கிரேடு கேளுங்க, கண்டிப்பா கேளுங்க. கிரேடு 5-ன்னா 880 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கிட்டு அப்புறம்தான் நிரந்தரமா வளையும், கிரேடு 2 வெறும் 275 பக்கம், கிட்டத்தட்ட 6061 அலுமினியம் அளவு தான், எடை மட்டும் அதை விட ஒன்றரை மடங்குக்கு மேல. ஸ்க்ராப்ல "டைட்டானியம் சார்"னு சொல்லி குடுக்குறது எதுன்னு கண்ணால பாத்து சொல்லவே முடியாது.

வெட்டுறதும் தலைவலி, சூடு பரவாம ட்ரில் முனையிலயே நிக்கும், பிட்டு மழுங்கிரும், ஓட்டையில மரை போடுற டேப் உள்ளயே உடைஞ்சு மாட்டிக்கும். தண்ணியைப் பீச்சி வெட்டுற வாட்டர்ஜெட் கடையில ஓட்டையோட வெட்டி வாங்கிடுங்க. இறுக்கமான கோணத்துல வளைச்சா விரிசல் விடும். தூளையும் குவிய விடாதீங்க, தீப்பிடிக்கும்.

ஆக மூஞ்சிக்கு கிரேடு 5 வெட்ஜ், மத்த மூணு பக்கத்துக்கு 12 மி.மீ. யூஹெச்எம்டபிள்யூ, இதுதான் என் ஓட்டு. காசு இல்லன்னா நாலு பக்கமும் ப்ளாஸ்டிக், அப்பவும் அலுமினியத்துக்கு போகாதீங்க.

3டி பிரிண்டர் இருக்கா? அப்போ அமெரிக்கக் கணக்குல 454 கிராம் வர்ற ஆன்ட்வெயிட்டுக்கு டிபியு 95ஏ-ங்கிற வளையுற ஃபிலமென்ட் போதும், ரப்பர் மாதிரி எகிறும், உடையாது. பிரிண்ட் ஆக நேரம் எடுக்கும், ஃபிலமென்ட் ஈரம் குடிச்சிருந்தா நூல் நூலா வரும். சாதாரணமா எல்லாரும் பிரிண்ட் பண்ற பிஎல்ஏ ப்ளாஸ்டிக் விறைப்பா இருந்தாலும் அடி வாங்கினா சில்லு சில்லா போகும்.

மேல்தட்டு, கீழ்தட்டுக்கு கார்பன் ஃபைபர் ஆசை எல்லாருக்கும் வரும். அது மின்சாரம் கடத்தும், ரிமோட்டோட 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைக்கும், அதனால ரிசீவர் ஆன்டெனாவை மூடாம வழி விடணும். நான் 2 மி.மீ. பாலிகார்பனேட் தான் சொல்வேன், 20 செ.மீ. சதுரத்துக்கு ஒரு தட்டு 96 கிராம், உள்ள லிப்போ பேட்டரி உப்பியிருக்கான்னு கழட்டாமலே பாக்கலாம். கடைக்காரர் அக்ரிலிக்கை எடுத்து குடுத்துட்டு ரெண்டும் ஒண்ணு தான்னு சொல்வாரு, நம்பாதீங்க, ஒரு ஓரத்தை வெட்டி வளைச்சு பாருங்க, படக்னு உடைஞ்சா அக்ரிலிக். இன்னொண்ணு, பாலிகார்பனேட் பக்கத்துல லாக்டைட் மாதிரி ஸ்க்ரூ பசை விடவே கூடாது, ஓட்டையை சுத்தி விரிசல் கிளம்பும். அந்த இடத்துல நைலாக் நட்டு, அதாவது உள்ள நைலான் வளையம் வச்ச, தானா கழலாத நட்டு, போடுங்க.