‘169ஆம் சட்டப் பதிவு மறுபடி திறந்திருக்கிறது’ என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் பிள்ளையின் மூலப் பிறப்புச் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

டொமினிக்கன் குடியரசில் ஆவணமில்லாத ஹைட்டியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லி, பதிவு அலுவலக வாசல்களில் உட்கார்ந்து பணம் பறிக்கும் இடைத்தரகர்களைப் பற்றி எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். இங்கே அவர்களை ‘புஸ்கோன்’ என்கிறார்கள். சான் பெட்ரோ டி மக்கோரிஸ் நகரின் ஏற்றுமதி வளாகத்தில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். என்னைப் போல இந்தத் தொழிலுக்காகக் கரீபியத் தீவுகளுக்கு வரும் தமிழர்களிடமும், இங்குள்ள பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் சேவை செய்ய வரும் அருட்சகோதரிகளிடமும், வீட்டு வேலைக்கோ சமையலுக்கோ வருபவர்கள் ‘பிள்ளைக்குக் காகிதம் எடுக்க வேண்டும், கொஞ்சம் கடன் கிடைக்குமா’ என்று என்றாவது ஒருநாள் கேட்கத்தான் செய்வார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, அதற்கு ஈடாக என்ன வந்து சேருகிறது என்பதை அறிந்துகொண்ட பிறகு கொடுப்பது எல்லோருக்கும் நல்லது.

எங்கள் குடியிருப்பில் மதியச் சாப்பாடு சமைத்துத் தரும் அம்மாள், கரும்பு வெட்ட வந்த தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுவயதிலேயே எல்லை தாண்டி வந்தவர். ஆலைத் தொழிலாளர்கள் வாழும் ‘பாத்தேய்’ எனப்படும் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தையிடம் இருந்தது கரும்பாலை கொடுத்த ‘ஃபிச்சா’ என்ற வேலை அட்டை மட்டுமே. மகளுக்கு அதுவும் கிடையாது. இவருடைய மூத்த மகள் 2005இலும் இளைய மகன் 2012இலும் இதே மாகாணத்து அரசு மருத்துவமனையில் பிறந்தார்கள். இருவரின் பிறப்பும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பையனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மேல்நிலை முடிவில் தேசியத் தேர்வு எழுதச் சான்றிதழ் வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிக்கொண்டே இருந்தார். மகளின் நிலை அதைவிட மோசம். ‘செதுலா’ என்ற அடையாள அட்டை இல்லாதவருக்கு இந்த நாட்டில் வங்கிக் கணக்கு இல்லை, முறையான வேலை இல்லை, சட்டப்படியான திருமணமும் இல்லை.

தரகர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து 70,000 பெசோ, அதில் பாதி முன்பணம் என்றார். மகளைப் பற்றி அவர் சொன்னது: ‘169ஆம் சட்டத்தின் பதிவு மறுபடி திறந்திருக்கிறது, சில வாரங்களில் மூடிவிடுவார்கள்.’ மகனுக்கு ‘வேறு வழி’ இருக்கிறது என்று மட்டும் சொன்னார், அந்த வழி என்ன என்பதை விளக்கவில்லை. தேசியச் சின்னம் அச்சிட்ட ஒரு படிவத்தை என் முன்னால் விரித்து, சட்டப் பிரிவுகளின் எண்களைத் தடுமாறாமல் சொன்னார். முன்பணத்தை நான் கடனாகக் கொடுத்தேன், மீதியை அந்த அம்மாள் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார்.

அவர் சொன்ன 169ஆம் சட்டம் கற்பனையில்லை என்பதுதான் இந்த மோசடியின் பலமே. இந்த நாட்டின் அரசியலமைப்பு 1929 முதல், தூதர்களின் பிள்ளைகளையும் வழிப்போக்கில் இருப்பவர்களின் பிள்ளைகளையும் தவிர, இம்மண்ணில் பிறந்த எல்லோரையும் குடிமக்களாக ஏற்றது. தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களையே ‘வழிப்போக்கர்’ என்று சொல்லிப் பதிவு அலுவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். யேன், போசிகோ என்ற இரு சிறுமிகளின் வழக்கில், பெற்றோரின் குடியேற்ற நிலை பிள்ளைக்குத் தொற்றாது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. நாடோ எதிர்த் திசையில் நடந்தது. 2004ஆம் ஆண்டின் 285ஆம் எண் குடியேற்றச் சட்டம் அனுமதியின்றி இருப்பவர்களையும் வழிப்போக்கர் பட்டியலில் சேர்த்தது. 2010 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, சட்டவிரோதமாக வசிப்பவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. 2013 செப்டம்பர் 23இல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஜூலியானா தெகிஸ் வழக்கில் இதை 1929 வரை பின்னோக்கி நீட்டியது. 1984இல் இங்கேயே பிறந்து, பிறப்புச் சான்றிதழும் கையில் வைத்திருந்த பெண் அவர்.

உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2014 மே 23இல் வந்ததுதான் 169ஆம் சட்டம். 1929 ஜூன் 16 முதல் 2007 ஏப்ரல் 18 வரை பிறந்தவர்களை அது இரண்டாகப் பிரித்தது. ஏற்கெனவே பதிவில் இருந்தவர்கள் முதல் பிரிவு; அவர்களுடைய ஆவணங்கள் திரும்பக் கிடைக்க வேண்டும். இங்கே பிறந்தும் பதிவாகாதவர்கள் இரண்டாம் பிரிவு. இவர்கள் தம்மை அயல்நாட்டவராகப் பதிந்துகொண்டு, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது சட்டம். பிறந்த மண்ணில் தன்னை அந்நியர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வரலாம் என்பது எனக்கு எப்போதும் சட்டமாகத் தெரிந்ததில்லை, அவமதிப்பாகவே தெரிகிறது. அந்தப் பதிவுக்கான காலம் 2015 பிப்ரவரி 1 அன்று முடிந்தது. அதற்குள் பதிந்துகொண்டவர்கள் 8,755 பேர். அந்த அம்மாளின் மகள் 2005இல் பிறந்தவர் என்பதால் இரண்டாம் பிரிவில் வந்திருக்க வேண்டியவர். மகளைப் பிரசவித்த மருத்துவமனைச் சீட்டு கிடைக்காமல் கெடு போயிற்று. இப்படித் தவறவிட்டவர்களின் ஏக்கத்தை வைத்துத்தான் தரகர்கள் ‘மறுபடி திறந்திருக்கிறது’ என்ற வதந்தியை அவ்வப்போது கிளப்புகிறார்கள். பதிவு உண்மையில் திறக்கப்பட்டால் அரசு அதை அறிவித்தே செய்யும். ஜெராக்ஸ் கடை நிழலில் உட்கார்ந்திருக்கும் தரகருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக அது இருக்க முடியாது.

மகளுக்குத் தரகர் கொண்டுவந்து கொடுத்தது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகச் சொல்லும் ஒரு சீட்டு. புதிதாகத் திறந்த பதிவு என்று சொல்லியிருந்தவர், கெடுவுக்குள் பதிந்ததுபோல் காட்டுவதற்காக 2015 ஜனவரித் தேதியிட்ட முத்திரையைக் குத்தியிருந்தார். சீட்டின் மூலையில் ஒட்டியிருந்ததோ, இந்த வேலைக்கென்று தரகரே புகைப்படக் கடைக்கு அனுப்பி எடுக்கவைத்த படம். காதில் வளையமும் உதட்டில் சாயமுமாக முழு வளர்ந்த பெண் அதில் சிரிக்கிறாள். அந்தத் தேதியில் அவளுக்கு வயது ஒன்பது! முத்திரையின் பாதி அந்தப் படத்தின் மேல் விழுந்திருந்தது. எந்த அலுவலரும் ஒருமுறை பார்த்தாலே போதும், அந்தப் பெண் பொய் ஆவணம் கொடுத்த குற்றவாளியாகிவிடுவாள்.

மகனுடைய விவகாரம் இதைவிடக் கொடியது, ஏனென்றால் அவனுக்கு வந்த சான்றிதழ் உண்மையானது. புத்தக எண், தாள் எண், பதிவு எண், ஆண்டு எல்லாமே சரியாக இருந்தன, பதிவேட்டிலும் பதிவு இருந்தது. அந்த அம்மாளுக்கு ஸ்பானியம் பேச வரும், வாசிக்க வராது. காகிதத்தைக் கண்ணாடி உறையில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப் போனார். தலைமை ஆசிரியை வாசித்துவிட்டு, ‘இது யார்?’ என்று கேட்டார். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு டொமினிக்கன் பெண்ணின் பெயரும் அவருடைய செதுலா எண்ணும் இருந்தன. தரகர் காசு கொடுத்துப் பிடித்த ஒரு பெண், தாமதப் பதிவில் பையனைத் தன் மகன் என்று அறிவித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். ‘வேறு வழி’ என்றது இதைத்தான்.

இதன் விளைவைப் பணம் கொடுக்க நினைப்பவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் பெற்ற தாய்க்கும் மகனுக்கும் இப்போது எந்த உறவும் இல்லை. வாரத்துக்கு 10,000 பேர் வரை நாடு கடத்துவோம் என்று அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது முதல் குடியேற்றத் துறையின் வண்டிகள் தெருவில் ஆட்களை ஏற்றிப்போவது அன்றாடக் காட்சி. தாயை ஏற்றினால், ‘என் பிள்ளை வீட்டில் இருக்கிறான்’ என்று சொல்ல அவர் கையில் ஆதாரம் இல்லை. பையனைக் காப்பகத்தில் வைத்தால், மீட்டுவரும் உரிமை பெயர் தெரியாத இன்னொருத்திக்குத்தான் இருக்கிறது. பொய்ப் பதிவு எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். பேஸ்பால் ரசிகர்களுக்கு நினைவிருக்கும்: ஃபௌஸ்டோ கார்மோனா என்ற பெயரில் அமெரிக்காவில் பல ஆண்டுகள் புகழோடு பந்து வீசியவர், 2012 ஜனவரியில் சாண்டோ டொமிங்கோவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை விட்டு வெளியே வந்தபோது கைதானார். உண்மையில் அவர் மூன்று வயது மூத்தவரான ராபெர்ட்டோ எர்னாண்டஸ். அவருக்கு வழக்கறிஞர் வைக்கவும் விளையாட்டுக்குத் திரும்பவும் வசதி இருந்தது. சமையல்காரியின் மகனுக்கு அது வாய்க்காது.

இவ்வளவுக்கும் மேலாக ஓர் இழப்பு. அயல்நாட்டுத் தாய்க்குப் பிள்ளை பிறந்தால் மருத்துவமனை இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிறப்புச் சீட்டு கொடுக்கும். டொமினிக்கன் தாய்மாருக்குக் கொடுப்பது வெள்ளை. 2012இல் கிடைத்த அந்த இளஞ்சிவப்புச் சீட்டை அம்மாள் கிழியாமல் காத்து வைத்திருந்தார். ‘மூலம் இல்லாமல் நடக்காது’ என்று தரகர் அதை வாங்கிக்கொண்டார். அது திரும்பி வரவே இல்லை. இந்தப் பெண்தான் இந்தப் பையனைப் பெற்றவர் என்று சொல்லும் ஒரே காகிதம் அது. தரகருடைய வழிக்கு அது இல்லாமல் போவதுதான் வசதி. பணம் கேட்கப் போனபோது அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. ‘போலீசுக்குப் போங்கள், அந்த அம்மாவையும் கூட்டிப் போங்கள்’ என்றார். அதன் பொருள் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு இத்தகைய குடும்பங்களுக்கு உதவும் ஓர் அமைப்பின் வழக்கறிஞரிடம் போனோம். பாத்தேயில் பிறந்த சோனியா பியெர் 1983இல் தொடங்கிய முதா, இயேசு சபையினர் நடத்தும் போனோ மையம் போன்றவை இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன; தரகரைத் தேடும் முன் இப்படி ஓர் இடத்தைத் தேடுவதே முறை. வழக்கறிஞர் முதலில் கேட்டது இரண்டே கேள்விகள்: பிள்ளை எந்தத் தேதியில் பிறந்தது, அன்று தாயிடமும் தந்தையிடமும் என்ன ஆவணம் இருந்தது. தந்தையோ தாயோ டொமினிக்கன் என்றால் பிள்ளையும் டொமினிக்கன்தான், அதற்குத் தரகரே வேண்டாம். இருவருமே அனுமதியின்றி இருந்து, பிள்ளை 2010 ஜனவரிக்குப் பிறகு பிறந்திருந்தால், எத்தனை ஆயிரம் கொட்டினாலும் நேர்வழியில் டொமினிக்கன் குடியுரிமை கிடைக்காது. கிடைக்கக்கூடியது அயல்நாட்டவர் பிறப்புப் புத்தகத்தில் ஒரு பதிவு. அது குடியுரிமை தராது. ஆனால் தாய் யார், பிறந்த நாள் எது என்பதை உறுதிப்படுத்தும். அதை வைத்துக்கொண்டு ஹைட்டியத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். ஹைட்டியின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புப்படி, பிறவியிலேயே ஹைட்டியரான தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த பிள்ளை எங்கே பிறந்தாலும் ஹைட்டியக் குடிமகன்தான்.

அந்த வழியும் எளிதில்லை. தாயின் பிறப்பை உறுதிப்படுத்தும் சாற்றுப் படி, அதாவது பிறப்புப் பதிவின் சான்றளித்த நகல், ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து வர வேண்டும். அந்த நகரத்தின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கிறது. தூதரக வாசலிலும் தரகர்கள் உண்டு, அங்கே விற்கப்படும் சாற்றுப் படிகளையும் நம்ப வேண்டாம்.

கையில் இருக்கும் பொய்ச் சான்றிதழை எந்த அலுவலகத்திலும் நீட்டக் கூடாது, கிழித்தும் போடக் கூடாது என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பதிவை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும்போது அதுவே சான்று. இளஞ்சிவப்புச் சீட்டுக்குப் பதிலாக மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டிலிருந்து சான்றளித்த நகல் வேண்டும். ஆனால் 2025 ஏப்ரல் 21 முதல் அரசு மருத்துவமனைகளில் குடியேற்ற ஆவணம் சரிபார்க்கப்படுவதால் அந்த அம்மாள் அங்கே கால்வைக்க அஞ்சுகிறார். நோட்டரி முன் எழுதிய அதிகாரக் கடிதத்தோடு அமைப்பின் ஊழியர் போய் விண்ணப்பித்திருக்கிறார். வழக்கறிஞர் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. நோட்டரிக்கும் நகலுக்கும் மட்டுமே செலவாயிற்று, அந்த இரண்டுக்கும் ரசீது கொடுத்தார்கள்.