கிராண்ட்ஓர்கனும் ஒலிச் சிதைவும்: மட்டக்களப்பு ஆலயமொன்றின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

குழல் ஓர்கன் ஒன்றை நிறுவிப் பேணுவது எமது பகுதியின் சிறிய கிறிஸ்தவ ஆலயங்களுக்கு எட்டாத காரியம். பழைய ஐரோப்பிய ஓர்கன்களின் குழல்களைத் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகளை மிடி கீபோர்டின் (அழுத்தும் விசையைக் கணினிக்கு அறிவிக்கும் கீபோர்டின்) விசைகளால் ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன. அவற்றுள் ஹாப்ட்வெர்க் விலைகொடுத்து வாங்க வேண்டியது, கிராண்ட்ஓர்கன் (GrandOrgue) இலவசமானது. எழுவான்கரையில், கடலுக்கு அண்மையாக உள்ள எங்கள் ஆலயத்தின் ஞாயிறு ஆராதனைகளில் சில ஆண்டுகளாகக் கிராண்ட்ஓர்கனையே பயன்படுத்துகிறோம். அதன் தொனியில் எனக்கு முழு நிறைவு உண்டு. எனினும் ஒலி கரகரத்து உடைவதைக் கேட்டு மனந்தளர்ந்து, பழைய கீபோர்டுக்கே திரும்பியவர்களை நான் அறிவேன்; அவர்களுக்காகவே இதனை விரிவாக எழுதுகிறேன்.

சிதைவு மென்பொருளுக்குள்ளே பிறக்கலாம், கணினியில் பிறக்கலாம், அம்ப்ளிபயருக்கு அப்பாலும் பிறக்கலாம். எங்கே பிறக்கிறது என்று அறியும் முன்னர் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அதை அறியும் வழி மென்பொருளிலேயே இருக்கிறது. கிராண்ட்ஓர்கனின் சொந்த ஒலிப்பதிவு வசதியை இயக்கி, சிதைவு கேட்கும் பகுதியை வாசித்து, பதிவான வேவ் கோப்பை வேறொரு கருவியில் ஹெட்போன் வைத்துக் கேட்க வேண்டும். கோப்பிலேயே சிதைவு இருந்தால் காரணம் ஒலியளவின் மிகுதி. கோப்பு தெளிவாக இருந்து ஆலயத்தில் மட்டும் ஒலி உடைந்தால், மென்பொருளின் ஒலியளவை விட்டுவிட்டு அதற்குப் பிந்திய கட்டங்களை ஆராய வேண்டும்.

ஒலியளவின் மிகுதி எவ்வாறு நேர்கிறது என்பது விளங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். இருபது ஸ்டொப்புகளை (ஒவ்வொரு குழல் வரிசையையும் ஒலிக்க விடும் இழுபிடிகளை) இழுத்து நான்கு சுரங்களை அழுத்தினால் எண்பது குழல்கள் ஒருசேர ஒலிக்கின்றன. விசையை விட்ட பின்னரும் ஒவ்வொரு குழலின் எதிரொலி வால் சில விநாடிகள் தொடர்வதால், அடுத்த சுரக்கூட்டு அதன்மேல் ஏறுகிறது. ஒலிக்கும் குழல்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி மட்டம் ஏறத்தாழ 3 டெசிபல் உயரும். ஒரு குழலிலிருந்து 64 குழல்களுக்குச் செல்லும்போது அது 18 டெசிபல். எண்ணிம ஒலிக்கு 0 டெசிபல் என்ற உச்சத்துக்கு மேல் இடமில்லாததால், அலையின் தலை வெட்டப்பட்டு உலோகக் கீறல் போன்ற ஓசை எழுகிறது. ஆகவே மென்மையான புல்லாங்குழல் ஸ்டொப் ஒன்றைக் கொண்டு ஒலியளவைத் தீர்மானிப்பது பிழையான முறை. எல்லா ஸ்டொப்புகளையும் இழுத்து, இரு கைகளாலும் பெரிய சுரக்கூட்டைப் பிடித்து, அளவுமானி சிவப்பை எட்டாத நிலைக்கு மென்பொருளின் ஒலியளவைக் குறைத்து, தேவையான உரப்பை அம்ப்ளிபயரில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கோப்பு தெளிவாக இருந்து, டிக் டிக் என்ற வெடிப்புகள் ஒழுங்கின்றிக் கேட்டால், கணினி உரிய நேரத்துக்குள் கணக்கை முடிக்கவில்லை என்று பொருள். 48,000 ஹேர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) 256 மாதிரிகள் கொண்ட பஃபர், அதாவது ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம், கணினிக்கு 5.3 மில்லிவிநாடியே அவகாசம் தருகிறது. 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3 மில்லிவிநாடி. விசையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம் குறைய வேண்டும் என்று 128க்கு இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 10.7 மில்லிவிநாடியில் ஒலி காற்றில் நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பயணிக்கிறது. உண்மையான ஓர்கனில் வாசிப்பவருக்கும் குழல்களுக்கும் இடையில் அதைவிட அதிக தூரம் இருப்பது வழமை. எங்களுக்கு 512 போதுமானதாக உள்ளது. விண்டோஸிலும் மென்பொருளிலும் மாதிரி வீதம் ஒன்றாக இருக்க வேண்டும், விண்டோஸின் ஒலி மேம்பாட்டு வசதிகள் நிறுத்தப்பட வேண்டும், ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி இயக்க மென்பொருள்) உள்ள வெளி ஓடியோ இன்டர்பேஸ் இருந்தால் அதையே தெரிவு செய்ய வேண்டும்.

இங்கே எமது காலநிலையையும் கவனிக்க வேண்டும். வெப்பமான கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் மடிக்கணினி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. முதற் பாடல் தெளிவாகவும் இறுதிப் பாடல் வெடிப்புகளுடனும் கேட்டால் வெப்பத்தையே முதலில் சந்தேகியுங்கள். மின்வெட்டின்போது மின்கலத்துக்கு மாறும் கணினியும் அவ்வாறே மெதுவாகலாம் என்பதால், மின்சக்தித் திட்டத்தை உயர் செயற்றிறனில் வைத்திருப்பது நன்று.

தாழ்ந்த சுரங்களில் மட்டும் ஒலி அதிர்ந்து கலங்கினால் குறை ஸ்பீக்கரில் இருக்கலாம். காலால் வாசிக்கும் மிதி வரிசையின் 16 அடி ஸ்டொப்பின் (அடி என்பது குழலின் நீளம்) அடிச் சுரம் 32.7 ஹேர்ட்ஸ், பேச்சுக்கென வாங்கிய ஸ்பீக்கரால் அதைத் தர இயலாது. கூம்பு அளவுமீறி அசைந்து மேலுள்ள சுரங்களையும் கெடுக்கும். மிதி வரிசையைத் தனி வெளியீட்டின் வழியே சப்வூஃபருக்கு அனுப்பக் கிராண்ட்ஓர்கன் இடமளிக்கிறது. அந்த வசதி இல்லாத ஆலயங்கள் 8 அடி ஸ்டொப்புடன் நிறுத்திக்கொள்வதே மேல்.

இடைவிடாத இரைச்சல் வேறு வகை. சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், கணினியும் மிக்சரும் இருவேறு புவித்தொடுப்புகளால் இணைந்து 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை உண்டாக்குகின்றன. இரண்டையும் சுவரிலுள்ள ஒரே மின்குதையிலிருந்து இயக்குவதும், ஒலி வயரின் இடையில் தனிமைப்படுத்தும் மின்மாற்றி கொண்ட டிஐ பெட்டியை வைப்பதும் தீர்வு. புவித்தொடுப்புக் கம்பியைத் துண்டிக்கும் வழக்கம் உயிராபத்தானது. எவர் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள். கடற்காற்றின் உப்பு ஜாக் முனைகளில் படிவதாலும் கரகரப்பு வரும். வயரை அசைக்கும்போது ஓசை மாறுகிறதா என்று பாருங்கள்; மாறினால் முனைகளைத் துடைப்பது போதும்.

கணினி வாங்க எண்ணுவோர் செயலியைவிட நினைவகத்தை முதலில் பாருங்கள். ஓர்கன் தொகுதி (குழல் ஒலிப்பதிவுகளின் தொகுப்பு) நினைவகத்தில் அடங்காவிட்டால் கணினி வன்தட்டை நாடி ஒலி திக்கும். அத்தகைய இடங்களில் 24 பிட்டுக்குப் பதிலாக 16 பிட்டில் ஏற்றினால் தேவை கணிசமாகக் குறைகிறது. ஆராதனையில் அந்த வேறுபாடு எங்கள் சபையில் எவர் காதுக்கும் எட்டவில்லை.