936-ல நாப்பது வருஷம்: திருச்சி ரேடியோ கேட்ட அனுபவம்

எங்க ஊரு கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவுல. வீட்ல ரேடியோன்னு சொன்னாலே அது திருச்சி ரேடியோ தான், மீடியம் வேவ்ல 936 கிலோஹெர்ட்ஸ்ல வர்ற ஆல் இந்தியா ரேடியோவோட திருச்சி நிலையம், வேற ஸ்டேஷன் வைக்கணும்னா தான் ஸ்டேஷன் பேரச் சொல்லி வைக்கச் சொல்லுவாங்க. நான் வெவரம் தெரிஞ்சு கேக்க ஆரம்பிச்சது 1981 வாக்குல, இன்னிக்கு வரைக்கும் விடல. புதுசா ஒரு செட்டு வாங்கி மீடியம் வேவ் கேக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அவங்களுக்காகத் தான் இத எழுதறேன், ஆனா செட்டப் பத்தி மட்டும் எழுதினா பாதி தான் சொன்ன மாதிரி, அதுல என்ன வருதுங்கறது தான விஷயம்.

கொஞ்சம் பழைய கதை. மெட்ராஸ் நிலையம் 1938 ஜூன் 16 ஆரம்பிச்சாங்க, திருச்சி அடுத்த வருஷமே, 1939 மே 16. நாடு பிரிஞ்சப்ப லாகூர், பெஷாவர், டாக்கா எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டு இந்தியாவுக்குன்னு மிஞ்சினது மொத்தமே ஆறு நிலையம் தான். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், லக்னோ, அப்பறம் நம்ம திருச்சி. அந்த ஆறுல ரெண்டு தமிழ் பேசுற ஊர்ல இருந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. இத யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க.

என் தாத்தா காலத்துல வீட்டுக்கு வீடு ரேடியோ கெடையாது, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு செட்டு, வெளில மரத்துல ஒலிபெருக்கி, சாயங்காலம் வயல்லேர்ந்து வந்து கைகால் கழுவிட்டு எல்லாரும் அங்க தான் உக்காருவாங்களாம். அப்பறம் வீட்டுக்கு ரேடியோ வந்தப்பவும் தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும், அந்தப் பொஸ்தகம் இப்பவும் எங்க பீரோல இருக்கு, ஒவ்வொரு வருஷமும் ஸ்டாம்பு ஒட்டி சீல் குத்தினது.

ரேடியோ நெல்லு பத்திச் சொல்லாம திருச்சி ரேடியோவப் பத்திப் பேசவே முடியாது. 1960-ல தஞ்சாவூர் மாவட்டத்துக்கு பேக்கேஜ் திட்டம்னு வந்துச்சு, விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாத்தையும் சேத்துக் குடுக்கறது. அந்தப் பத்து வருஷத்துக்குள்ள தான் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து ஆடுதுறை 27-னு ஒரு நெல்லு வந்துச்சு, ஜப்பான் ரகத்தையும் நம்ம ரகத்தையும் ஒட்டுக் கட்டி எடுத்தது, நூத்தி அஞ்சு நாள்ல அறுப்பு, குறுவைங்கற குறுகிய கால நெல் போகத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி. 1966-ல ரேடியோவுல விவசாயத்துக்குன்னே தனிப் பிரிவு போட்டாங்க, நாட்டுல முதல்ல ஆரம்பிச்ச பத்து நிலையத்துல திருச்சியும் ஒண்ணு. நாத்து எத்தன நாள்ல பறிக்கணும், யூரியா எப்ப போடணும்னு சாயங்காலம் சாயங்காலம் ஒலிபரப்பினாங்க, ஜனங்க அதக் கேட்டுக் கேட்டுப் போட்டாங்க. கடைசில நெல்லு பேரே ஜனங்க வாயில ரேடியோ நெல்லுன்னு ஆயிடுச்சு. எங்க தாத்தா சாகற வரைக்கும் ஆடுதுறை 27-னு சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒரு ரேடியோ நிலையத்துக்கு இத விட என்ன மரியாதை வேணும், சொல்லுங்க.

எங்கப்பா ஒரு படி மேல. அவருகிட்ட நாப்பது பக்க நோட்டு ஒண்ணு இருக்கும், ரேடியோ பக்கத்துலயே ஆணில சணல் கட்டித் தொங்கும், பேனாவும் அதுலயே. விவசாய நிகழ்ச்சி ஆரம்பிச்சா வீட்ல யாரும் பாத்திரத்தக் கூட நகத்தக் கூடாது. எண்பதுகள்ல ஒரு குறுவைல புகையான் பூச்சி கண்டமேனிக்கு விழுந்துச்சு, வயல்ல வட்டம் வட்டமா கருகி, தீ வெச்ச மாதிரி இருக்கும், பாக்கவே வயிறு எரியும். அப்ப ரேடியோவுல ஒரு வேளாண் அதிகாரி பேசினாரு, பூச்சி தண்ணிக்கு மேல தூர்ல தான் உக்காந்திருக்கும், தழையில மருந்து அடிச்சா வீண், முதல்ல தண்ணிய வடிங்க, யூரியாவ நிறுத்துங்க, அடுத்த போகத்துலேர்ந்து எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது வெறும் எடம், விட்டு நடுங்க, காத்தும் வெயிலும் தூருக்குப் போகணும்னாரு. அந்தப் பக்கம் இப்பவும் நோட்டுல இருக்கு, "தண்ணி வடி. பட்டம் 8-க்கு 1"-னு எழுதி அடில ரெண்டு கோடு. நட ஆளுங்க எடம் வீணாப் போவுதேன்னு சண்ட போட்டாங்க, அப்பா விடல. நானும் இன்னிக்கு வரைக்கும் அப்படித் தான் நடறேன்.

பண்ணைப் பள்ளின்னு ஒண்ணும் வரும், கார்டு போட்டுப் பேரு பதிஞ்சிக்கணும், பாடம் மாதிரி வாரா வாரம், கேள்வி கேப்பாங்க, பதில் எழுதி அனுப்பணும். நாலாங்கிளாஸ் படிச்ச எங்கப்பா அம்பது வயசுல லாந்தர் வெளிச்சத்துல பரீட்சை எழுதினத நான் பாத்திருக்கேன். அவருக்கு எழுத்து கூட்டற எடத்துல நான் உதவுவேன்.

விவசாயம் மட்டும் இல்ல. மத்தியானம் 1.45 மண்டலச் செய்தி தான் எங்க வீட்டுக் கடிகாரம். மேட்டூர் நீர்மட்டம் எத்தன அடி, வரத்து எத்தன கன அடி, தொறப்பு எத்தனன்னு கேட்டா தான் நாத்து விடறதா வேண்டாமான்னு முடிவே பண்ணுவோம், மேட்டூர் அணை தொறக்கற ஜூன் 12 வரப்போவுதுன்னா தெரு முழுக்க அந்த நேரத்துல ஒரே குரல் தான் கேக்கும். காலைல 7.15 டெல்லிச் செய்தி, சரோஜ் நாராயண்சுவாமி அம்மா வாசிச்சா ஆம்பள குரலா பொம்பள குரலான்னு எங்க பாட்டி ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இளைய பாரதம், நாடகம், மகளிர் நிகழ்ச்சி எல்லாம் கேப்போம். தென்கச்சி சுவாமிநாதன் ஐயாவோட இன்று ஒரு தகவல் வந்தா பஸ்ஸுக்குக் கெளம்பினவங்க கூட செருப்பு மாட்டிக்கிட்டே நிப்பாங்க. அவரும் விவசாயம் படிச்சவரு, திருநெல்வேலி நிலையத்துல விவசாய நிகழ்ச்சி பண்ணிட்டு தான் சென்னைக்குப் போனாரு, அதான் அந்தப் பேச்சு திண்ணைல உக்காந்து பேசற மாதிரியே இருக்கும். திருவையாறு ஆராதனை அன்னிக்கு பஞ்சரத்னம் நேரடியா வரும், எங்கம்மா அன்னிக்கு அடுப்ப கொறச்சு வெச்சிட்டு ரேடியோகிட்டயே உக்காந்துடுவாங்க. பாட்டுக்குன்னா அந்தக் காலத்துல இலங்கை வானொலி தான், அங்க அறிவிப்பாளரா இருந்த கே.எஸ். ராஜா குரலுக்காகவே முள்ளத் திருப்பினது உண்டு, அதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்னு அங்க சொல்ல மாட்டாங்களே.

இப்ப செட்டு விஷயம். முதல்ல இருந்தது தோல் உறை போட்ட ட்ரான்சிஸ்டர், உறைல ஓட்ட ஓட்டயா இருக்கும், அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கு. முள்ள இழுக்கற நூல் அறுந்துட்டா டயல் நகராது, அப்பாவே தூண்டில் நரம்பு போட்டுக் கட்டுவாரு. பேட்டரி தீந்துட்டா மொட்டமாடில வெயில்ல வெப்போம், இன்னும் ரெண்டு நாள் ஓடும்.

மீடியம் வேவ் கேக்கறவங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது, அதுக்கு ஏரியல் கம்பி உள்ள தான் இருக்கு, கருப்பா ஒரு ஃபெரைட் குச்சில செம்புக் கம்பி சுத்தி வெச்சிருப்பாங்க. வெளில நீட்டற கம்பி எஃப்எம்முக்கு. அதனால 936 சரியா கேக்கலன்னா கம்பிய இழுக்காதீங்க, செட்டையே மெதுவா சுத்துங்க, ஒரு தெசைல பளிச்சுன்னு கேக்கும். எங்க வீட்ல ஜன்னல் பக்கம் அதுக்குன்னு சாக்பீஸ்ல கோடே போட்டிருக்கேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடைல புதுசா ஒண்ணு வாங்கினேன், மீடியம் வேவ் அருமையா எடுக்கும்னாங்க, வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தா குச்சி என் சுண்டுவிரல்ல பாதி கூட இல்ல, பகல்லயே இரைச்சல் தான். மாத்திக் குடுக்கவும் மாட்டேன்னுட்டாங்க. வாங்கும்போது கடைலயே மீடியம் வேவ் போட்டுக் கேட்டு வாங்குங்க, எஃப்எம் போட்டுக் காட்டினா ஒத்துக்காதீங்க.

இன்னொரு தொல்லை எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும். பத்து வருஷத்துக்கு முன்ன இல்லாத கிர்ர்ர்னு ஒரு சத்தம் இப்ப எல்லா வீட்லயும் இருக்கு, ரேடியோ கெட்டுப் போச்சுன்னு நெனச்சு தூக்கிப் போட்டவங்க நெறய பேரு. பல்ப அணைச்சுட்டுக் கேட்டுப் பாருங்க.

இது எனக்கு நல்லா ஒறைச்சது கஜா புயல்ல தான். 2018 நவம்பர் 16 விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கரை கடந்துச்சு. என் அக்காவக் குடுத்தது பேராவூரணி பக்கம், தென்னந்தோப்பு. ரெண்டு நாள் போனே போகல, டவர் எல்லாம் சாஞ்சு கெடக்கு, நான் அரிசியும் மெழுகுவத்தியும் இந்தச் சின்ன ரேடியோவும் எடுத்துக்கிட்டு பைக்ல போனேன். தோப்புல மரம் எல்லாம் ஒரே பக்கமா படுத்திருந்துச்சு, அக்கா என்னப் பாத்ததும் பேசவே இல்ல. ராத்திரி திண்ணைல ரேடியோவ வெச்சு 936 போட்டேன், அப்படி ஒரு சுத்தமான குரல நான் சின்ன வயசுக்கு அப்பறம் கேட்டதே இல்ல. அந்த வட்டாரம் முழுக்க கரண்ட் இல்ல, பல்பு இல்ல, சார்ஜர் இல்ல, இரைச்சலுக்கு வழியே இல்ல. தெருவுல இருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து உக்காந்தாங்க, இருட்டுல மூஞ்சி தெரியல, இருமல் சத்தத்த வெச்சு தான் யாருன்னு தெரியும். எந்த ரோடு தொறந்திருக்கு, எங்க முகாம்னு வெளி உலகத்துலேர்ந்து அவங்களுக்கு வந்த முதல் பேச்சு அது. ஊருக்குத் திரும்பறப்ப ரேடியோவ அங்கயே விட்டுட்டு வந்துட்டேன், அக்கா கேக்கவும் இல்ல, நானும் சொல்லல.

எஃப்எம்ல 102.1 இருக்கு, தனியார் ஸ்டேஷனும் திருச்சில உண்டு, பாட்டு கேக்க நல்லா தான் இருக்கு. மொபைல்ல நியூஸ் ஆன் ஏர் ஆப்ல திருச்சி நிலையம் இரைச்சலே இல்லாம வருது, வெளிநாட்டுல இருக்கற என் பையன் அதுல தான் கேக்கறான். ஒண்ணே ஒண்ணு, ரேடியோவ விட ஆப்ல சில நொடி தள்ளித் தான் வரும், ரெண்டையும் ஒரே ரூம்ல போட்டா எதிரொலி மாதிரி கேக்கும். 2023-லேர்ந்து எல்லாத்துலயும் ஆகாஷ்வாணின்னே சொல்லணும்னு ஆயிடுச்சு, எனக்கு வாயில வானொலி தான் வருது, எங்கம்மாவுக்கு இப்பவும் திருச்சி ரேடியோ தான்.

அம்மாவுக்கு எண்பத்திரெண்டு. கண்ணு சரியாத் தெரியல, டயல் நம்பர் படிக்க முடியாது. அதனால 936 வர எடத்துல ஒரு பொட்டு கோந்து வெச்சு ஒட்டிக் குடுத்திருக்கேன், வெரலால தடவித் தடவி முள்ள அங்க கொண்டாந்து நிறுத்திடுவாங்க. 1.45 ஆனா நான் வயல்ல இருந்தாலும் வந்ததும் சொல்லுவாங்க, இன்னிக்கு மேட்டூர் இத்தன அடிடா.