ஓரியூர்ப் பாதைக்கு 22 இன்ச் சைக்கிள்: நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு

"அண்ணே, பிப்ரவரி 4 அருளானந்தர் திருவிழாவுக்கு ஓரியூருக்குச் சைக்கிள்லயே போகலாம்னு இருக்கேன். உங்ககிட்ட இருக்கிற மாதிரி கறுப்பு 22 இன்ச் புதுசா வாங்கவா, கியர் வச்சது வாங்கவா?" என்று கேட்ட நண்பருக்கான பதில் இது. கம்பி பிரேக், 28-க்கு ஒன்றரை டயர், முன்னால் ஒரு பல்சக்கரம் பின்னால் ஒன்று, இரும்பு கேரியர் எல்லாம் தெரிந்ததுதான். கம்பெனிப் பெயரும் வேண்டாம். இந்த மாடலை எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே அச்சில்தான் செய்கிறார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் உப்பிலும் மணலிலும் கோயில் கோயிலாக ஓட்டினால் இந்த வண்டி என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். முக்கால்வாசி முள்ளைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். முழு செயின் பாக்ஸ். கடையில் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லி விற்பதில்லை. கடலோரத்தில் வண்டியின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. திறந்த செயின் உள்ள வண்டிகள் ஒரு கச்சான் (தென்மேற்குக் காற்று) பருவத்திலேயே செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். பாக்ஸுக்குள் இருக்கும் செயினுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷின் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வழிந்ததைத் துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பிசுபிசுப்பாகி மணலைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அந்த மணலே பல்லைத் தின்னும். வேட்டியோ அங்கியோ செயினில் மாட்டாது என்பது கூடுதல் லாபம். பூசைக்குப் போகிறவன் கணுக்காலில் கறுப்பு மையோடு முழங்காலில் நிற்க வேண்டியதில்லை.

இனி முள்.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி, சுந்தரபாண்டியன்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறி, அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஓரியூர். இந்த வழி நெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மரம் நிற்பதால் டயர் பஞ்சராவதில்லை. வெட்டுவதால்தான் ஆகிறது. விறகு ஏற்றிய லாரி சிந்திக்கொண்டே போகும் கிளை, கரிமூட்டத்துக்கு இழுத்துப்போகும் கட்டு, ஆட்டுக் கிடைக்குப் போட்டுப் பிரித்த முள்வேலி, சாலையோரம் சுத்தம் செய்தவர்கள் ஒதுக்கி வைத்த குவியல் எல்லாம் தார் முடிந்து மண் தொடங்குகிற அந்த ஓர முழத்தில்தான் வந்து சேர்கிறது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்ததும் சைக்கிள்காரன் ஒதுங்குவதும் அதே முழத்தில்தான்.

வண்டியின் மீது எனக்குள்ள கோபம் இதுதான்: இப்போது இந்த மாடலோடு வருகிற டயரின் நடுப்பட்டை மெலிந்துவிட்டது. காய்ந்த கருவேல முள் ஆணிக்குச் சமம். ஏறும்போது நேராக ஏறி, டயர் ஒரு சுற்று வந்ததும் அடிப்பகுதி ஒடிந்து விழுந்துவிடும். நுனி மட்டும் டயரின் நூலடுக்குக்குள் மாட்டி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டி, காற்றடித்து, ஏறி உட்கார்ந்து மூன்று கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடி இறங்கும். "ஒட்டினது சரியில்லை" என்று பஞ்சர் கடைக்காரரைத் திட்டுவார்கள். ஒட்டு நன்றாகத்தான் இருக்கும்.

சரியான முறை இது. பின்சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், செயின் பாக்ஸ் இருக்கும் வண்டியில் அது அரைநாள் வேலை. செயின் இல்லாத பக்கம் மட்டும் டயரை நெம்பி, டியூபை வெளியே இழுங்கள். வால்வைக் கழற்றாமல் ரிம்மிலேயே விடுங்கள். லேசாகக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், அது வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி, எந்தப் பக்கம் என்று பார்த்து, டயரில் அதே இடத்துக்குப் போங்கள். ஓட்டை டியூபின் வெளிப்புறம் என்றால் முள். உட்புறம், அதாவது ரிம் பக்கம் என்றால் போக்ஸ் கம்பியின் முனை, இல்லாவிட்டால் துருப்பிடித்த ரிம்; ரிம் டேப்பை மாற்றாமல் எத்தனை ஒட்டு போட்டாலும் வீண். முள் என்றால் டயரின் உள்பக்கத்தைப் பழைய வேட்டித் துண்டால் சுற்றிலும் துடையுங்கள். நுனி இருக்கும் இடத்தில் நூல் இழுபடும். விரலை விட்டுத் தேடினால் விரல்தான் கிழியும். அகப்பட்டதை நகவெட்டியாலோ சின்னக் குறடாலோ உள்ளிருந்து இழுத்து எடுத்துவிட்டு, இன்னொரு சுற்று துடையுங்கள். ஒன்று இருந்த டயரில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்.

பிறகுதான் டியூப். உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு, விரல் பட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் ஒட்டை அழுத்துங்கள். கடற்காற்றின் ஈரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் கூடப் பிடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், சொலுஷனில் மணல் விழுந்தால் ஒட்டு ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கடல்தண்ணீரில் முக்கினால் குமிழி நன்றாகவே வரும். ஆனால் காய்ந்ததும் உப்புப் படியும், அதன்மேல் சொலுஷன் பிடிக்காது. குடிதண்ணீரில் ஒரு கை அள்ளிக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியதன்மேல் கொஞ்சம் முகப்பவுடர். முள்ளே இல்லாமல் காற்று மெதுவாக இறங்குகிறது என்றால் முதலில் வால்வின் மேல் மாட்டும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூபைப் பாருங்கள். வெயிலில் அந்த ரப்பர் வெந்து பிளந்துவிடும். வால்வ் வாயில் எச்சில் வைத்தால் தெரியும். இரண்டு இன்ச் வால்டியூப் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்; தொண்டிக்கு முன்னால் கடை கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு, முதலில் வேண்டியது ஆத்தும சோதனை என்று ஞானோபதேச வகுப்பில் படித்த எவருக்கும், வேட்டித் துண்டை டயருக்குள் சுற்றும்போது அது நினைவுக்கு வராமல் போகாது. டியூபை ஒட்டுவது சுலபம். நுனியைத் தேடத்தான் பொறுமை வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சண்டை. பஞ்சர் என்று சொன்ன உடனே யாராவது ஒருவர் 2 கொரிந்தியர் 12-ஐ எடுத்துவிடுவார். பவுலடியாருக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது, அதை நீக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டினார், "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது. ஆகவே உன் பஞ்சரும் கிருபை. மதியம் ஒரு மணிக்கு, உப்பூர்ப் பக்கம், ஒரு பனைமரத்து நிழல்கூட இல்லாத இடத்தில் டயரை நெம்பிக்கொண்டிருப்பவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஓரத்தில் ஓட்டியது நான், தேய்ந்த டயரை மாற்றாமல் விட்டது நான், முள் வெட்டிய பக்கம் என்று தெரிந்தும் இறங்கியது நான். இதைக் கடவுள் கணக்கில் எழுதினால் அது பக்தி ஆகாது, சோம்பல். எடுக்கக்கூடிய முள்ளை எடுக்கத்தான் வேண்டும். பவுல் பேசியது எடுக்க முடியாததைப் பற்றி.

இந்தக் கடற்கரையில் எடுக்க முடியாதது காற்று. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிற மாதங்களில் தொண்டிப் பக்கம் போவது சுகம், திரும்புவது தண்டனை. ஆகஸ்ட் கடைசியில் இதே சாலையில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்குக் காற்று முதுகில் இருக்கும். ஓரியூர்த் திருவிழா பிப்ரவரியில். வாடையின் வால் இன்னும் இருக்கும், எனவே போகும்போது முகத்தில். அதற்கேற்ப விடியலுக்கு முன் கிளம்புங்கள், வெயில் ஏறினால் காற்றும் ஏறும். கியர் வண்டிக்காரர் இங்கே உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். ஒற்றைப் பல்லில் எதிர்க்காற்றுக்கு ஒரே வழிதான்: குனிந்து, மெதுவாக, நிற்காமல். அழுத்தி மிதித்தால் பெடல் கட்டையை ஆக்சிலோடு பூட்டும் கோட்டர் பின் தேய்ந்து பெடல் ஆடத் தொடங்கும். ஆட்டம் தெரிந்த அன்றே தட்டி இறுக்கவும் அல்லது மாற்றவும். அப்படியே ஓட்டினால் ஆக்சிலின் வெட்டே மழுங்கி, செலவு பல மடங்காகும்.

ஜெபமும் இந்தக் காற்றைப் பொறுத்துத்தான் அமையும். காற்றில்லாத நேரத்தில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் 53 மணி ஜெபமாலை ஒன்று மூன்றரை, நான்கு கிலோமீட்டரில் முடியும். மகிழ்ச்சி, ஒளி, துயர், மகிமை என்ற நான்கு மறைபொருள் வரிசைகளுக்கும் ஒவ்வொரு ஜெபமாலையாகச் சொன்னால் ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வந்துவிடும். மாலையைக் கையில் சுற்றாதீர்கள், பிரேக் கம்பியில் மாட்டும். பத்து விரல் இருக்கிறது, பத்து அருள்நிறை மந்திரம் (மரியாளை வாழ்த்தும் ஜெபம்). கைப்பிடியில் ஒவ்வொரு விரலாக அழுத்தினால் கணக்குத் தப்பாது. எதிர்க்காற்று ஏறியதும் அருள்நிறை மந்திரம் பாதியில் உடையும், மூச்சு பற்றாது. அப்போது "இயேசுவே, இரக்கமாயிரும்" மட்டும். ஒரு பெடலுக்கு ஒரு சொல். வீட்டில் சொல்லும் நீண்ட ஜெபங்களில் எத்தனை வார்த்தை பழக்கத்தில் மட்டும் ஓடுகிறது என்பது இங்கே தெரிந்துவிடும். எனக்கு இந்த வண்டி தந்த எதிர்பாராத நன்மை இதுதான், செயின் பாக்ஸுக்கு அடுத்தபடியாக.

அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ 1693-ல் ராமநாதபுரத்தில் சிறையிருந்து ஓரியூருக்குக் கொண்டுபோகப்பட்டுத்தான் தலைவெட்டுண்டார். லிஸ்பனில் பிறந்தவர், 1686-லேயே மறவ நாட்டில் பிடிபட்டு அடிபட்டவர், ஊருக்குப் போய் அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். அவர் போன பக்கம்தான் நாமும் போகிறோம், ஆனால் நமக்குத் திரும்பும் வழி இருக்கிறது. ஆகவே சைக்கிளில் போவதைப் பெரிய தவமாகப் பேச வேண்டாம். ஓரியூரின் செம்மண்ணைப் பொட்டலம் கட்டுபவர்கள் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்; ஆயில் டப்பாவோடு ஒரே பையில் போட்டால் இரண்டும் கெடும்.

தெற்கே, மண்டபம் பக்கம் பற்றிச் சுருக்கமாக. 1549-ல் அந்தோணி கிரிமினாலி அடிகள் கொல்லப்பட்ட வேதாளை வழியாகத்தான் சாலை போகிறது. பலர் அங்கே நிற்காமலே பாலத்துக்கு விரைகிறார்கள். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மேடு. இணைப்புப் பட்டைகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் ஈரத்தில் சக்கரம் வழுக்கும். கச்சானில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழா ஜூலையில், அதாவது காற்று உச்சத்தில், திட்டமிட்டுப் போங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஒன்பதரை கிலோமீட்டர், 2017-ல் திறந்த தார்ச்சாலை. அதற்கு முன் அங்கே இந்த வண்டியை நினைக்கவே முடியாது. மணல் தாரின் மேல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும். அதில் முன் பிரேக் பிடிக்காதீர்கள். நிழல் கிடையாது, இரண்டு லிட்டர் தண்ணீர் ஆளுக்கு. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடிக் கோயிலின் பவளப்பாறைச் சுவரில் வண்டியைச் சாய்த்துப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். அது பூசை நடந்த இடம்.

தனுஷ்கோடி போய்வந்தால் வண்டியைக் கழுவ வேண்டும். இங்கேதான் சிக்கல். நம் ஊர் போர்த் தண்ணீரே உவர். அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. அரை லிட்டர் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ரிம், போக்ஸ் கம்பி, கம்பி பிரேக்கின் மூட்டுகள் ஆகிய மூன்றை மட்டும் துடையுங்கள். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்விளிம்பைப் பிடிப்பதால் முலாம் அங்கேதான் முதலில் உரியும். ஃப்ரீவீலில் கரகரப்பு வந்தால் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவி மெல்லிய ஆயில் விடுங்கள். கிரீஸ் திணித்தால் உள்ளே பல் தூக்காமல் பெடல் சும்மா சுற்றும்.

தீர்ப்பு. சட்டம் அசையாது, செயின் பாக்ஸ் அருமை, ஊருக்கு ஊர் பழுது பார்க்க ஆள் இருக்கிறார்கள், கேரியரில் ஐந்து குடும்பத்து நேர்ச்சை மெழுகுவர்த்தியைக் கட்டலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, புதுசு வாங்காதீர்கள் என்கிறேன். இந்த டயரைப் போட்டு இந்த விலைக்கு விற்பது நியாயமில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையிலாவது இதே வண்டி சும்மா சாய்ந்து கிடக்கும். கேட்டு வாங்கி, தடித்த டயர் ஒரு ஜோடி, ரிம் டேப், கோட்டர் பின் இரண்டு, பால்ரஸ் (குண்டு பேரிங்) மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். என்னுடையதைக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.