எழுபதின் வர்க்கமூலம்: நீள் வகுத்தலா, சராசரியா?

கால்குலேட்டர் கையில் இல்லை. 70-இன் வர்க்கமூலம் வேண்டும். பள்ளியில் படித்த நீள் வகுத்தலில் இறங்கலாம், அல்லது குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் பிடித்து வகுத்துச் சராசரி பார்க்கலாம். என் ஓட்டு சராசரிக்கு.

நீள் வகுத்தலில் 8 × 8 = 64 போக மீதி 6. இரண்டு பூஜ்ஜியம் இறக்கினால் 600. எட்டை இரட்டித்து 16, பக்கத்தில் 3 சேர்த்து 163; 163 × 3 = 489, மீதி 111. மறுபடி இரண்டு பூஜ்ஜியம் இறக்கினால் 11100; 83-ஐ இரட்டித்து 166, பக்கத்தில் 6 சேர்த்து 1666 × 6 = 9996. ஆக 8.36… எழுதிய இலக்கம் பிறகு மாறாது, அது பெரிய பலம். ஆனால் நடுவில் ஒரு கழித்தல் பிசகினால் அதற்குப் பின் வருவதெல்லாம் தப்புதான்.

சராசரி முறையில் 8-ஐ வைத்துத் தொடங்குவோம். 70 ÷ 8 = 8.75. இரண்டுக்கும் நடு 8.375. உண்மையான விடை 8.3666. இன்னொரு சுற்று: 70 ÷ 8.375 = 8.3582, நடு 8.3666. நான்கு தசம இடமும் சரி! முதல் சுற்றில் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த சுற்று சரிக்கட்டிவிடும். அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் ஹீரோன் முதல் நூற்றாண்டிலேயே 720-க்கு இப்படித்தான் 27-இல் தொடங்கி 26⅚-க்கு வந்தார்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி. 8-இன் வர்க்கம் 64-க்கும் 9-இன் வர்க்கம் 81-க்கும் இடைவெளி 17, நமக்கு வேண்டியது அதில் 6. எனவே 8 + 6/17, சுமார் 8.353. இது எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வரும், சராசரியோ எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வரும். விடை இரண்டுக்கும் இடையில்தான். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில் பெரும்பாலும் இதுவே போதும்.

கனமூலத்தில் போட்டியே இல்லை. இலக்கம் இலக்கமாகக் கனமூலம் எடுக்கும் வழியை ஆரியபட்டர் 499-இலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் தாளில் செய்து பார்த்தால் பெண்டு கழன்றுவிடும். சராசரிதான் சுலபம், ஒரு கவனம் மட்டும் வேண்டும். 50-க்கு 4 என்று தொடங்கினால், 4 × 4, அதாவது 16-ஆல் வகுக்க 3.125. பலரும் இங்கே 4-ஐயும் 3.125-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 3.56 என்று தடம் மாறுகிறார்கள். பெருக்கலில் 4 இரண்டு முறை வருகிறதே! 4 + 4 + 3.125, அதை மூன்றால் வகுத்தால் 3.708. 3.7-ஐ வைத்து இன்னொரு சுற்று போனால் 3.684, மூன்று தசமம் வரை அதுவே விடை.

175616 போன்ற முழுக் கன எண் என்று முன்பே தெரிந்தால் இதெல்லாம் வேண்டாம். கடைசி இலக்கம் 6, எனவே விடையின் கடைசியும் 6. கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் முன்னால் உள்ள 175 என்பது 5-இன் கனம் 125-க்கும் 6-இன் கனம் 216-க்கும் நடுவில், எனவே 5. விடை 56. கடைசி இலக்கம் 2 என்றால் விடையின் கடைசி 8, 8 என்றால் 2 என ஒன்றுக்கொன்று மாறும். 3, 7-உம் அப்படியே.